லோடு வண்டிக்கு ஏற்ற சக்கரமும் டயரும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்)

முன்னுரை

மென்மையான மயிலிறகேயானாலும், அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்பது வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் தரும் எச்சரிக்கை. பாரத்தின் அளவைப் பற்றியது அது. இயற்பியல் படிக்கும் நாம் அதனோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பாரம் எவ்வளவு என்பது மட்டுமன்று, அது எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதும் அச்சின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. விசையையும் தூரத்தையும் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும் என்று முதலாம் ஆண்டில் படித்தோம். தேர்வு முடிந்ததும் அதை நான் மறந்திருந்தேன். எங்கள் வீட்டு வாசலில் நின்ற வண்டி அதை மீண்டும் நினைவூட்டியது.

என் தந்தையார் சிறிய லோடு வண்டி ஓட்டுகிறார். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து திருமழிசைக்கும் ஆவடிக்கும் வார்ப்புப் பொருள்களை ஏற்றிச் செல்வது அவர் தொழில். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பழைய டயர்கள் தேய்ந்துபோயின. அகலமான டயர் போட்டால் பிடிப்பு நன்றாக இருக்கும், வண்டிக்கும் எடுப்பாக இருக்கும் என்று ஒருவர் சொல்ல, அகலமான ரிம்களையும் பெரிய டயர்களையும் வாங்கி மாட்டினார். அடுத்த ஓராண்டுக்குள் முன் சக்கரத்து பேரிங் இருமுறை போயிற்று. வண்டி தரும் மைலேஜும் குறைந்தது. டீசல் அளவில்தான் ஏதோ குறை என்று அப்பா நினைத்தார். குறை வேறிடத்தில் இருந்தது. அதைக் கண்டறிய எனக்கு உதவிய கணக்குகளையே இக்கட்டுரையில் எழுதுகிறேன். ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகள் பலர் நம் கல்லூரியில் படிக்கிறார்கள். அவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

நம் வட்டாரமும் சக்கரமும்

சக்கரம் நம் பகுதிக்குப் புதியதன்று. பாடியிலுள்ள வீல்ஸ் இந்தியா நிறுவனம் 1960களின் தொடக்கத்திலிருந்து எஃகுச் சக்கரங்களைச் செய்துவருகிறது. அம்பத்தூரில் 1959ஆம் ஆண்டு டன்லப் டயர்த் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது; பல்லாண்டுகள் இயங்கிய அத்தொழிற்சாலையில் இப்போது உற்பத்தி இல்லை. திருவொற்றியூரில் 1946ஆம் ஆண்டு பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1961ஆம் ஆண்டில் டயர் உற்பத்தியில் இறங்கியது. இவ்வளவு அருகில் சக்கரமும் டயரும் உருவாகியும், அவற்றின் மேல் பொறித்திருக்கும் எண்களை நம்மில் பலர் படிப்பதில்லை.

டயரின் மேல் எழுதியிருப்பது

டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். இதில் 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் குறிக்கும். ஆர் என்பது ரேடியல் வகை. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இவற்றிலிருந்து டயரின் முழு விட்டத்தைக் கணக்கிடலாம். 215இல் 75 விழுக்காடு 161.25 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கச் சுவர்கள் இருப்பதால் 322.5 மி.மீ. ரிம்மின் விட்டம் 15 × 25.4 = 381 மி.மீ. இரண்டையும் கூட்டினால் 703.5 மி.மீ.

எங்கள் வண்டிக்குக் குறிக்கப்பட்டிருந்த டயர் இதுதான். ஆனால் மாட்டியிருந்ததோ 235/75 ஆர் 15. அதே முறையில் கணக்கிட்டால் அதன் விட்டம் 733.5 மி.மீ. அதாவது 4.3 விழுக்காடு அதிகம். பாரத்தால் டயர் சற்று அமுங்கும் என்பது உண்மையே. ஆயினும் இரு டயர்களையும் ஒப்பிடும்போது விகிதம் ஏறக்குறைய இதுவே.

விட்டம் மாறினால் விளைவது என்ன?

வண்டியிலுள்ள மீட்டர் தூரத்தை நேராக அளப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதையே எண்ணுகிறது. பழைய டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 452 முறை சுற்றும். புதியது 434 முறையே சுற்றும். ஆகவே முள் 60இல் நிற்கும்போது உண்மையான வேகம் 62.6 கிலோமீட்டர். வண்டி 1000 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 959 என்றே காட்டும்.

இங்கேதான் எங்கள் வீட்டுப் புதிர் ஒன்று அவிழ்ந்தது. முன்பு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, வேறு எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும், இந்த மீட்டர் கணக்கில் 11.5 கிலோமீட்டர் கொடுப்பதாகவே தோன்றும். டீசல் குறையவில்லை, அளவுகோல்தான் மாறிவிட்டது. இதைவிட வருத்தமான செய்தி ஒன்றுண்டு. அப்பா சில வாடகைகளைக் கிலோமீட்டர் கணக்கில் வாங்குபவர். ஓடிய ஒவ்வொரு 1000 கிலோமீட்டரிலும் 41 கிலோமீட்டருக்கான கூலியை அவர் கேட்காமலேயே விட்டிருக்கிறார்.

இழுவிசையும் குறையும். எஞ்சின் அச்சுக்குத் தரும் திருப்புத்திறன் மாறாதபோது, சக்கரத்தின் ஆரம் கூடினால் தரையைத் தள்ளும் விசை அதே விகிதத்தில் குறையும். நிறைபாரத்தோடு பாடி மேம்பாலம் ஏறும்போது முன்பைவிட ஒரு கியர் குறைக்க வேண்டியிருந்ததன் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும்.

ஆதலால் டயரின் அளவை மாற்ற நேர்ந்தால், முழு விட்டம் பழையதிலிருந்து 3 விழுக்காட்டுக்கு மேல் விலகாமல் பார்த்துக்கொள்வது பொதுவான நடைமுறை. சான்றாக, 225/70 ஆர் 15 டயரின் விட்டம் 696 மி.மீ.; வேறுபாடு 1 விழுக்காடு அளவே. விட்டம் ஒத்துவந்தாலும் மற்ற எண்களும் ஒத்துவர வேண்டும் என்பதைக் கீழே காண்போம்.

ஆஃப்செட் என்பது யாது?

சக்கரத்தின் அகலத்தை நடுவில் சரிபாதியாக வெட்டுவதுபோல் ஒரு கோட்டை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். சக்கரம் ஹப்பின்மீது பதிந்து உட்காரும் முகத்துக்கும் இந்த நடுக்கோட்டுக்கும் உள்ள தூரமே ஆஃப்செட். பதியும் முகம் நடுக்கோட்டுக்கு வெளிப்பக்கம், அதாவது சாலையைப் பார்க்கும் பக்கம் இருந்தால் அது நேர் ஆஃப்செட். வண்டியின் உட்பக்கம் இருந்தால் எதிர் ஆஃப்செட். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சுழி. பல ரிம்களில் ஈ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின் இந்த அளவு மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும்.

ஆஃப்செட் குறையக் குறையச் சக்கரம் வண்டியைவிட்டு வெளியே நகரும். எங்கள் பழைய ரிம் 6 அங்குல அகலம், ஆஃப்செட் 30. புதியது 8 அங்குல அகலம், ஆஃப்செட் சுழி. பதியும் முகத்திலிருந்து வெளி விளிம்பு வரை முன்பு 76.2 − 30 = 46.2 மி.மீ. இருந்தது, பின்னர் 101.6 மி.மீ. ஆயிற்று. அதாவது சக்கரத்தின் வெளி விளிம்பு 55 மி.மீ. வெளியே வந்துவிட்டது. மட்கார்டுக்கு வெளியே நின்ற டயர் மழைக்காலத்தில் சேற்றைக் கதவெல்லாம் வாரி அடித்தது இதனால்தான்.

பாரம் விழும் இடம்

ஹப்பின் உள்ளே இரண்டு பேரிங்குகள் உள்ளன. பாரம் இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும்படி விழுமாறு, டயரின் நடுக்கோட்டை அவற்றின் இடைவெளிக்கு அருகில் அமைப்பதே பொறியாளர்களின் நோக்கம். ஆஃப்செட்டை 30 மி.மீ. குறைத்தால் அந்தக் கோடு 30 மி.மீ. வெளியே நகர்ந்துவிடும்.

ஒரு முன் சக்கரத்தின்மேல் 600 கிலோ பாரம் இருப்பதாகக் கொள்வோம். கூடுதல் திருப்புத்திறன் 600 × 9.8 × 0.03 = 176 நியூட்டன் மீட்டர். ஹப்பில் ஒரு மீட்டர் நீளக் கம்பியைப் பொருத்தி அதன் முனையில் 18 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு இது சமம். வண்டி நிற்கும்போதும் ஓடும்போதும் அந்த எடை தொங்கிக்கொண்டே இருக்கிறது. பள்ளத்தில் விழும்போது இது பன்மடங்காகிறது. வெளிப்பக்கத்துப் பேரிங் தன் பங்குக்கு மேல் சுமந்து விரைவில் தேய்கிறது.

ஸ்டீயரிங்கும் பாதிக்கப்படும். முன் சக்கரம் திரும்பும் அச்சைக் கீழ்நோக்கி நீட்டினால் அது தரையில் ஓரிடத்தைத் தொடும். அவ்விடத்துக்கும் டயர் தரையைத் தொடும் நடுவிடத்துக்கும் உள்ள இடைவெளி கூடினால், ஒரு பக்கச் சக்கரம் கல்லில் மோதும்போது ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். பூந்தமல்லி சாலையில் மாலை வேளையில் இரு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள் செல்லும்போது அந்த ஒரு பிடுங்கல் போதும், பெருந்தீங்கு விளைய. ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் என்னும் தட்டை வைப்பதும் ஆஃப்செட்டைக் குறைப்பதற்கு நிகரே.

அளந்து பார்க்கும் முறை

எண் அழிந்துபோன ரிம்மையும் அளந்துவிடலாம். டயரைக் கழற்றிய ரிம்மின் வெளிமுகம் தரையைப் பார்க்கும்படி படுக்கவையுங்கள். மேலே தெரியும் உள் விளிம்பின்மேல் குறுக்காக நேரான சட்டம் ஒன்றை வைத்து, அதிலிருந்து பதியும் முகம் வரை ஆழத்தை அளவுகோலால் அளக்கவும். பின்பு ரிம்மின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை மொத்த அகலத்தை அளந்து பாதியாக்கவும். ஆழத்திலிருந்து இந்தப் பாதியைக் கழித்தால் வருவதே ஆஃப்செட்.

எங்கள் பழைய ரிம்மில் ஆழம் 119 மி.மீ., மொத்த அகலம் 178 மி.மீ.; ஆகவே 119 − 89 = 30. புதியதில் ஆழம் 115, மொத்த அகலம் 229. ஆகவே ஏறக்குறைய சுழி. ஆறு அங்குல ரிம்மின் மொத்த அகலம் ஏழு அங்குலம் வருவதைக் கண்டு நான் முதலில் குழம்பினேன். டயர் அமரும் இடத்தின் அகலமே ரிம்மின் அகலமாகச் சொல்லப்படுகிறது. இரு பக்க விளிம்புகளும் அதற்குப் புறம்பானவை.

பாரக் குறியீடு

லோடு வண்டிக்கு எல்லாவற்றையும்விட முதன்மையானது இதுவே. அளவுக்குப் பின்னால் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண், ஒரு டயர் தாங்கும் உச்ச பாரத்தைக் குறிக்கும். 100 என்றால் 800 கிலோ, 104 என்றால் 900 கிலோ, 108 என்றால் 1000 கிலோ. எழுத்து, வேக வரம்பைக் குறிக்கும். சிறு லோடு வண்டி டயர்களில் 8 பி.ஆர். என்பது போன்ற குறியும் இருக்கும். அது துணியடுக்குகளின் உண்மையான எண்ணிக்கையன்று. டயரின் வலிமையைச் சொல்லும் மதிப்பீடு.

பின்னச்சில் நிறைபாரம் 1800 கிலோ, இரண்டே டயர்கள் என்றால் ஒவ்வொன்றும் 900 கிலோ தாங்க வேண்டும். குறியீடு 100 உள்ள கார் வகை டயரைப் போட்டால், பார்வைக்கு எவ்வளவு அகலமாக இருந்தாலும், அச்சுக்கு 200 கிலோ பற்றாக்குறை. அகலம் வேறு, வலிமை வேறு. அந்த வலிமையும் குறித்த பவுண்டு காற்று இருந்தால்தான் கிடைக்கும்.

சட்டத்தின் நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52 வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், உற்பத்தியாளர் தந்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டயரின் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. எஃப்.சி.க்குப் போகும் நாளில் மட்டுமன்றி, விபத்து நேர்ந்த நாளிலும் இவை கேட்கப்படும்.

தேர்ந்தெடுக்கும் வரிசை

1. வண்டியின் கையேட்டிலோ கதவோரத் தகட்டிலோ உள்ள டயர் அளவையும் காற்றழுத்தத்தையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

2. பாரக் குறியீடு அதற்குக் குறையக்கூடாது.

3. முழு விட்டத்தைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.

4. ரிம்மின் அகலம் அந்த டயருக்கு அனுமதிக்கப்பட்டதா என்று பாருங்கள்.

5. போல்ட் எண்ணிக்கை, போல்ட் வட்டத்தின் விட்டம், நடுத்துளை, நட் உட்காரும் சரிவு ஆகிய நான்கும் ஒத்திருக்க வேண்டும். பழைய ஜீப் வழிவந்த வண்டிகளில் 5 போல்ட், 5½ அங்குல வட்டம், அதுவே 139.7 மி.மீ. என்றும் எழுதப்படும்.

6. ஆஃப்செட் பழைய ரிம்மின் அளவாகவே இருக்கட்டும்.

7. மாட்டியபின் காலி வண்டியில் மட்டும் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். பாரம் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயர் எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும்.

முடிவுரை

கணக்கை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பெருக்கல் ஒவ்வொன்றையும் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு, "அந்த 41 கிலோமீட்டரை எனக்கு மறுபடி சொல்லு" என்றார். அடுத்த மாதமே பழைய அளவு ரிம்களைத் தேடி வாங்கி, குறித்த டயர்களை மாட்டினோம். அதன்பின் பத்து மாதங்களாக பேரிங் மாற்றவில்லை. மீட்டர் கணக்கும் பழையபடி 12ஐ ஒட்டி வருகிறது.

சக்கரத்தின் அழகைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் வண்டியே வயிற்றுப்பாடாக உள்ள வீட்டில், 30 மில்லிமீட்டர் என்பது சிறிய அளவன்று. வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். அதற்கு ஓர் அளவுகோலும் அரைமணி நேரமும் போதும்.