ஏரிக்கரைக் கசிவும் அதற்குச் செய்யத்தக்கதும்

மண்ணாற் கட்டிய கரை எதுவும் முற்றும் நீர் புகாததன்று. ஏரி நிரம்பி நிற்குங்கால், உட்புறத்து ஜலம் கரையின் உடலுள் மெல்லப் புகுந்து வெளியடியை நோக்கிச் சென்றுகொண்டேயிருக்கும். இதனை உணராது, வெளிச்சரிவில் ஈரம் கண்டவுடன் வண்டி வண்டியாகக் களிமண்ணைக் கொணர்ந்து அவ்விடத்தை அப்பி அடைத்துவிடுவோர் பலர். நோக்கம் நல்லதே, ஆயினும் அச்செய்கை கரைக்குக் கேடு விளைப்பது.

மண்ணினூடே ஜலம் செல்லும் முறையைப் பிரான்ஸ் தேசத்து டிஜோன் நகரில் டார்ஸி என்பார் மணற்குழாய்களைக் கொண்டு சோதித்து 1856-ல் வெளியிட்டார். இருபுறத்து நீர்மட்டங்களின் வேற்றுமை மிகுந்தால் கசிவு மிகும்; செல்லும் வழி நீண்டால் குறையும். கரையினுள் இந்நீர்மட்டம் வரவரத் தாழ்ந்துகொண்டே போகும். நல்ல களி கலந்த மண்ணில் 4 அடி தூரத்திற்கு 1 அடி தாழ்வதாகவும், மணற்பாங்கான மண்ணில் 6 அடிக்கு 1 அடி தாழ்வதாகவும் கணக்கிடுவது சிற்றேரி வேலைகளில் வழக்கம்.

ஓர் உதாரணம் காண்போம். கரையின் உயரம் 16 அடி, தலைப்பின் அகலம் 6 அடி, நீரின் ஆழம் 12 அடி; உட்சரிவு 1 அடி உயரத்திற்கு 1½ அடி, வெளிச்சரிவு 2 அடி என்க. நீர்விளிம்பிலிருந்து வெளியடி வரையுள்ள தூரம் 44 அடி. களிமண்ணிலுங்கூட 12 அடி நீர் முற்றும் தாழ 48 அடி வேண்டும். ஆதலின் கசிவு அடியிலிருந்து ஏறக்குறைய 2 அடி உயரத்தில் வெளிச்சரிவின்மேல் தலைகாட்டும். ஈரத்தில் ஊறிய மண் உறுதி குன்றிச் சரியும். அடி சரிந்தால் மேலுள்ளது நில்லாது.

இந்நிலையில் வெளிமுகத்தைக் களிமண்ணால் மூடின், வழியற்ற ஜலம் உள்ளே மட்டம் உயர்ந்து, கரையின் பெரும்பகுதியை நனைத்து, வேறொரு பலவீனமான இடத்தைத் தேடும். களிமண் இருக்கவேண்டிய இடம் உட்புறமே: உட்சரிவிலோ கரையின் நடுவிலோ இட்டு, அஸ்திவாரத்தில் அகழி தோண்டி இறுகிய அடிமண் வரை இறக்கவேண்டும். வெளிப்புறத்திலோ ஜலத்திற்கு வழிவிட்டு, மண்ணை மாத்திரம் நிறுத்துதல் வேண்டும்.

இதற்குரியது வடிகட்டுப் படலம். கரைமண்ணையொட்டி மணல், அதன்மேல் சிறு சரளை, அதன்மேல் கல் என்று அடுக்கவேண்டும். மண்ணின்மேல் நேரே பெருங்கல்லை அடுக்கினால் இடுக்குகளின் வழியே மண் ஓடிவிடும். ஒரு படலத்தின் நுண்பருக்கைகள், அது தாங்கும் மண்ணின் பெரும் பருக்கைகளைப்போல் 4 அல்லது 5 மடங்கிற்கு மேற்படலாகாது என்பது டெர்ஜாகி என்னும் அறிஞரைப் பின்பற்றி நிபுணர் கொண்டுள்ள விதி.

கசிவைக் கண்டால் முதலில் அளக்கவேண்டுவது அதன் அளவையன்று, நிறத்தையே. ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வைத்துப் பார்க்க. தெளிந்த நீராயின், பெருகுகிறதா என்று நாள்தோறும் கவனித்தல் போதும். அடியில் வண்டல் படியுமாயின், கரை உள்ளிருந்து அரிக்கப்படுகிறது. அவ்வரிப்பு வெளிமுனையிற் தொடங்கி ஏரியை நோக்கிப் பின்னேறும். குழாய்போல் துளை திறந்தபின் தடுத்தல் அரிது. ஐக்கிய அமெரிக்காவின் ஐடஹோவில் 305 அடி உயரமாகக் கட்டப்பட்ட டீட்டன் மண்ணணை, முதன்முறை நிரம்பிவருகையில், 1976 ஜூன் 5-ந் தேதி காலையில் கலங்கல் நீரைக் கக்கிற்று. துளையில் கல்லையும் மண்ணையும் தள்ள வந்த இரண்டு புல்டோசர்களை அத்துளையே விழுங்கிற்று. நண்பகலுக்குச் சற்றுமுன் அணை உடைந்தது. 11 பேர் மாண்டனர். பாறைப் பிளவுகளின் வழியே பாய்ந்த ஜலம், வடிகட்டுக் காப்பின்றி அவற்றையொட்டி இடப்பட்டிருந்த நுண்மண்ணை அரித்ததே காரணம் என ஆராய்ந்தோர் கண்டனர். அத்துணைப் பெரிய அணைக்கே சில மணி நேரந்தான் கிடைத்தது.

ஆதலின் கலங்கல் ஊற்றுக் கண்டவிடத்து உடனே அதிகாரிகளுக்குச் செய்தி அனுப்புக. தாழ்ந்த இடத்துக் குடிகளை மேட்டிற்கு அனுப்புதலும் தாமதிக்கலாகாது. கரையடிக்கு வெளியே நிலத்தில் ஊற்று மணலோடு கொப்பளிக்குமாயின், அதை மூடாமல், சுற்றிலும் மணற்சாக்குகளை வட்டமாக அடுக்கி, உள்ளே நீர் சிறிது உயர்ந்து நிற்கவிடுக. மட்ட வேற்றுமை குறைவதால் மணல் வருவது நிற்கும். தெளிந்த நீர் வழிந்தோட வாய் வைக்கவேண்டும். ஏரியின் ஜலத்தை மதகின் வழியே படிப்படியாகக் குறைப்பதே நன்று. ஒரேயடியாக வடித்தால், உட்சரிவின் மண்ணில் தேங்கிய நீர் உடனே வடியமாட்டாமையால், எதிரே தாங்கி நின்ற ஜலத்தையும் இழந்த அச்சரிவு உட்புறமாகச் சரிந்துவிடக்கூடும்.

கோடையில் மராமத்துச் செய்வோர் மதகின் இருபக்கத்தையும் முதலிற் பார்க்க. கட்டிடச் சுவரும் மண்ணும் கூடுமிடத்தில் திமிசு எட்டுவதில்லை. அங்கேதான் கசிவு பெரும்பாலும் வழி கண்டுகொள்ளும். மண்ணை அரையடிப் படலமாக இட்டு, கையிற் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவு ஈரத்தோடு கெட்டிக்கவேண்டும். நண்டு வளை, எலி வளைகளை வாயில் மட்டும் அடையாது, முடிவு வரை வெட்டித் திறந்து நிரப்புக. கரைமேல் வளர்ந்த மரத்தை வெட்டுவோர் வேரையும் அகற்றி அக்குழியைக் கெட்டித்தல் வேண்டும். மக்கிய வேர் விட்டுச்செல்லும் துளை எலி வளைக்குக் குறைந்ததன்று.