இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும்? லோடிலிருந்து கணக்கிடுங்கள்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்சாரம் இருக்காது என்று அறிவிப்பு வந்ததும், இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: பேட்டரி எட்டு மணி நேரம் தாங்குமா? பலரும் போடும் கணக்கு எளிது. பேட்டரி 12 வோல்ட், 150 ஏஎச், அதாவது 150 ஆம்பியர் மணி. பெருக்கினால் 1800 வாட் மணி. ஓடுகிறவை சுமார் 200 வாட். வகுத்தால் 9 மணி நேரம். இதை நம்பி இருந்தால், மூன்று மணிக்கு முன்பே இன்வெர்ட்டர் அலறி நின்றுவிடும். புது பேட்டரிக்கும் இதே கதிதான். பேட்டரிமேல் எழுதியிருப்பது மெதுவாக எடுத்தால் மட்டும் கிடைக்கும் அளவு. எடுக்கும் வேகம் கூடக் கூட அது சுருங்கும். அதனால்தான் கணக்கை பேட்டரியிலிருந்து தொடங்காமல் லோடிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

முதலில் இன்வெர்ட்டர் லைனில் ஓடுபவற்றின் வாட்டைக் கூட்டுங்கள். சாதாரண சீலிங் ஃபேன் ஒன்றுக்கு 75 வாட் என்று இரண்டுக்கு 150. 9 வாட் எல்இடி பல்பு மூன்றுக்கு 27. எல்இடி டியூப் லைட்டுக்கு 20. வைஃபை ரூட்டருக்கு 10. மொத்தம் 207 வாட். இன்வெர்ட்டர்மேல் இருக்கும் 900 விஏ போன்ற எண்ணை இங்கே சேர்க்கக் கூடாது. ஒரே நேரத்தில் எவ்வளவு லோடு தாங்கும் என்பதை அது சொல்லும். எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லாது. பழைய ஃபேனின் வாட் தெரியாவிட்டால் மின்வாரிய மீட்டரே அளந்து காட்டும். டிஜிட்டல் மீட்டரில் சிறு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். எத்தனை சிமிட்டல் ஒரு யூனிட் என்பது மீட்டரிலேயே அச்சாகியிருக்கும். 3200 என்றிருந்தால், ஐந்து நிமிடத்தில் வரும் சிமிட்டல்களை 3.75-ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும். பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆன பிறகு ஃபிரிட்ஜ் முதலியவற்றை நிறுத்திவிட்டு, இன்வெர்ட்டர் லோடை ஓடவிட்டு ஒரு தடவையும் அணைத்துவிட்டு ஒரு தடவையும் எண்ணிக் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இந்த 207 வாட்டுக்கு பேட்டரி எவ்வளவு தர வேண்டும் என்று பார்க்க வேண்டும். 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றும்போது ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாகப் போகிறது என்று வைத்துக்கொண்டால் தவறாகாது. 207-ஐ 0.8-ஆல் வகுத்தால் 259 வாட். அதை 12-ஆல் வகுத்தால் 21.6 ஆம்பியர். லோடு மிகக் குறைவாக இருந்தால் இந்த ஐந்தில் ஒரு பங்கு பொருந்தாது. இன்வெர்ட்டர் சும்மா விழித்திருக்கவே பத்து இருபது வாட் எடுக்கும் என்பதால், ரூட்டரை மட்டும் ஓட்டினால் அதைவிட அதிகம் இன்வெர்ட்டரே தின்றுவிடும்.

இனிதான் பலர் தவறவிடும் இடம். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிகளில் பெரும்பாலானவற்றின் ஏஎச், சி20 கணக்கில் சொல்லப்படுவது. 20 மணி நேரம் 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால்தான் 150 கிடைக்கும். வேகமாக எடுத்தால் மொத்தமே குறையும் என்பதை ஜெர்மானியரான வில்ஹெல்ம் பாய்க்கெர்ட் 1897-இல் சூத்திரமாகவே தந்துவிட்டார். அமிலம் தகடுகளுக்குள் ஊறிச் சேரும் வேகத்தைவிட நாம் எடுக்கும் வேகம் அதிகமாகிவிடுவதுதான் இதற்கு முக்கியக் காரணம். நம் பேட்டரிக்கு அவருடைய அடுக்கெண்ணை 1.2 என்று கொண்டால், 15 ஆம்பியரில் 87 சதவீதமும், 22 ஆம்பியரில் 81 சதவீதமும், 30 ஆம்பியரில் 76 சதவீதமும் கிடைக்கும். நம் 21.6 ஆம்பியருக்கு 150 என்பது 121 ஆகிறது; 5.6 மணி நேரம். அடிவரை காலி செய்வது தகடுகளுக்குக் கேடு என்பதால் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்தால் நான்கரை மணி நேரம். திட்டமிட வேண்டியது இந்த நான்கரையை வைத்துத்தான்.

இன்னொரு பேட்டரி வாங்கினால் தீராதா என்று கேட்கலாம். தீரும், இதே லோடுக்குப் பத்து மணி நேரம் வரும். ஆனால் இரண்டு ஃபேனையும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றிப் பாருங்கள். லோடு 117 வாட், பேட்டரியிலிருந்து 12 ஆம்பியர்தான். அதே சூத்திரம் இப்போது மிச்சம் வைத்தே ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் காட்டுகிறது. லோடு பாதியாகக்கூடக் குறையவில்லை, நேரமோ இரட்டிப்பாகிவிட்டது. 9 முதல் 5 வரை தாண்டுவதற்கு இருக்கும் பேட்டரியே போதும்; மின்கட்டணமும் தினமும் குறையும். என் கருத்தில், ஃபேனை மாற்றாமல் இரண்டாவது பேட்டரிக்குப் பணம் போடுவது முறையல்ல. லித்தியம் பேட்டரியில் வேகத்தால் வரும் இழப்பு மிகக் குறைவு. அங்கும் இன்வெர்ட்டர் இழப்பு இருக்கத்தான் செய்யும்.

இன்வெர்ட்டர் திரையே சதவீதம் காட்டுகிறதே என்பது இன்னொரு வாதம். பல மாடல்கள் அதை வோல்ட்டை வைத்து ஊகிக்கின்றன. லோடு ஓடும்போது வோல்ட் தாழ்ந்தும் நிறுத்தினால் ஏறியும் நிற்கும் என்பதால், அந்த எண்ணை மட்டும் நம்ப முடியாது. கணக்கைச் சோதிக்க நல்ல வழி, பாதி நேரம் மட்டும் ஓட்டிப் பார்ப்பது. முழுச் சார்ஜில் மெயினை அணைத்து, அளந்த 207 வாட் லோடை 2 மணி 45 நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு இன்வெர்ட்டரையும் நிறுத்தி, சில மணி நேரம் பேட்டரியை ஓய்வாக விட்டு, மல்டிமீட்டரால் முனைகளில் அளந்து பாருங்கள். 12.2 வோல்ட்டை ஒட்டி இருந்தால் கணக்கு சரி. 12-க்கும் கீழே போயிருந்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது. 150-க்குப் பதில் 120 என்று வைத்துத் திரும்பக் கணக்கிடுங்கள். அப்போது பிஎல்டிசி ஃபேனோடும் 7 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே வரும். பராமரிப்பு நாளில் காலையில் நான்கு மணி நேரமாவது ஒரு ஃபேனை நிறுத்தி வைப்பது நல்லது. அதற்கு முன் டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றி, முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஒருமுறை மறுபடி சோதித்துவிடுங்கள்.