அடர்த்தி அளக்கும்போது அழிப்பான் வேண்டாம்

ஏழாம் வகுப்பு அறிவியலில் அளவீட்டியல் பாடத்தில் அடர்த்தி வருகிறது. நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி என்பதை மாணவர்கள் ஐந்தே நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். கணக்குக் கொடுத்தாலும் போட்டுவிடுவார்கள். ஆனால் ஒரு பொருளைக் கையில் கொடுத்து அளக்கச் சொன்னால் பலர் செய்வது ஒன்றுதான். தங்களுக்குக் கிடைத்த எண்ணைப் பக்கத்துக் குழுவின் எண்ணோடு ஒப்பிடுவார்கள். பொருந்தாவிட்டால் அழித்துவிட்டு அந்த எண்ணையே எழுதிக்கொள்வார்கள். விடை சரியாகிவிடும், அறிவியல் போய்விடும். இதை மாற்ற என் வகுப்பில் இரண்டு பாடவேளைகளில் செய்யும் செயல்பாட்டை இங்கே பகிர்கிறேன்.

தேவையான பொருள்கள்: 100 மி.லி. அளவுசாடி, மின்னணுத் தராசு, அரை அங்குலக் கருங்கல் ஜல்லி 12, மெழுகுவத்தி, உருளைக்கிழங்கு, உப்பு, பழைய துணி.

கேள்வியும் கருதுகோளும்

“எந்தப் பொருள் தண்ணீரில் மூழ்கும்?” என்று கேட்பேன். “கனமா இருந்தா மூழ்கும் சார்” என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். சரி, தவறு என்று எதுவும் சொல்லாமல் அதைக் கரும்பலகையில் எழுதி, இதுதான் நம் கருதுகோள் என்பேன். பிறகு 4 கிராம் ஜல்லி ஒன்றையும் 40 கிராம் மெழுகுவத்தியையும் வாளித் தண்ணீரில் போடச் சொல்வேன். ஜல்லி மூழ்கும், மெழுகுவத்தி மிதக்கும். கருதுகோள் நிற்கவில்லை. “அப்படியென்றால் நிறையோடு வேறு எதை அளக்க வேண்டும்?” என்று கேட்டால், “மெழுகுவத்தி பெருசு சார், கல்லு சின்னது” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பருமனை அளக்க வேண்டிய தேவை இப்படி மாணவர்களிடமிருந்தே பிறக்கிறது.

ஒரே ஜல்லி, ஆறு விடைகள்

வகுப்பை ஆறு குழுக்களாகப் பிரிப்பேன். எல்லாக் குழுவுக்கும் அதே 12 ஜல்லிகள்தாம். ஈரம் நிறையைக் கூட்டும் என்பதால், ஒவ்வொரு குழுவும் கற்களைத் துணியால் துடைத்த பிறகே நிறுக்க வேண்டும். சாடியில் 50 மி.லி. அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, சாடியைச் சாய்த்து, கற்களை ஒவ்வொன்றாக வழுக்கி விடவேண்டும். உயர்ந்த நீர்மட்டத்திலிருந்து முதல் மட்டத்தைக் கழித்தால் கற்களின் பருமன் கிடைக்கும்.

தொடங்கும் முன் ஒரே ஒரு விதி: அழிப்பானை மேசைமேல் வைத்துவிட வேண்டும். ஓர் அளவீடு ஐயமாகத் தோன்றினால் அதன்மேல் ஒற்றைக் கோடு மட்டும் போடலாம். பக்கத்தில் புதிய அளவீட்டையும் மாற்றியதற்கான காரணத்தையும் எழுத வேண்டும்.

ஒருமுறை கிடைத்த முடிவுகள் இவை. நிறை எல்லாருக்கும் 54 கிராம். பருமன் வரிசையாக 20, 21, 20, 19, 16, 22 கன செ.மீ. அடர்த்தி 2.7, 2.6, 2.7, 2.8, 3.4, 2.5 கிராம்/கன செ.மீ. கணிப்பான் 2.5714 என்று காட்டினாலும், 1 மி.லி. வரை மட்டுமே அளக்கும் சாடிக்கு 2.6 போதும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

ஐந்தாம் குழு அழிப்பானைத் தேடியது. “உங்கள் விடை தப்பு என்று யார் சொன்னது? எப்படி அளந்தீர்கள் என்று செய்து காட்டுங்கள்” என்றேன். முதல் மட்டத்தை நின்றபடி மேலிருந்து பார்த்திருந்தார்கள். அது 54 என்று தெரிந்திருக்கிறது. இரண்டாம் மட்டத்தை மட்டும் குனிந்து, பிறைத்தளத்தின் அடிப்பகுதிக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்து 70 என்று எழுதியிருந்தார்கள். இடமாறு தோற்றப் பிழையை அவர்களே கண்டுபிடித்தார்கள். இரண்டையும் நேராகப் பார்த்தபோது பருமன் 20 வந்தது. ஆறாம் குழுவின் சாடியில் கற்களுக்கிடையே காற்றுக்குமிழிகள் இருந்தன. மெல்லத் தட்டியதும் மட்டம் இறங்கி, பருமன் 21 ஆனது. இப்போது ஆறு விடைகளின் சராசரி 2.7.

இரண்டாம், நான்காம் குழுக்களின் அளவீட்டில் எந்தக் குறையும் தெரியவில்லை. அவை அப்படியே இருக்கட்டும் என்றேன். கவனமாக அளந்தாலும் சிறிய வேறுபாடு இருக்கும். அதனால்தான் பலமுறை அளந்து சராசரி எடுக்கிறோம்.

வேறுபாடு சொன்ன செய்தி

இந்த இடத்தில் இராலே பிரபுவின் கதையைச் சொல்வேன். 1890களில் அவர் நைட்ரஜனின் அடர்த்தியை அளந்தார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 1.257 கிராம், வேதிச் சேர்மங்களிலிருந்து தயாரித்தது ஏறத்தாழ 1.251 கிராம். வேறுபாடு அரை விழுக்காடுதான். அவர் அதைத் தள்ளிவிடாமல் மீண்டும் மீண்டும் அளந்தார், வேறுபாடு மறையவில்லை. வில்லியம் ராம்சேயும் அவரும் ஆராய்ந்ததில், காற்றில் ஏறத்தாழ 1 விழுக்காடு இருக்கும் ஆர்கான் வாயு 1894இல் வெளிப்பட்டது. 1904இல் இராலே இயற்பியலுக்கும் ராம்சே வேதியியலுக்கும் நோபல் பரிசு பெற்றனர். ஐந்தாம் குழுவின் வேறுபாட்டுக்குக் காரணம் கண் பார்த்த கோணம். இராலேயின் வேறுபாட்டுக்குக் காரணம் ஒரு புதிய தனிமம். எது என்பது தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

முன்கூட்டிச் சொல்லிச் சோதித்தல்

இரண்டாம் பாடவேளையில் உருளைக்கிழங்கு. சாடிக்குள் செல்லுமாறு நறுக்கிய துண்டுகள் 27 கிராம், 25 கன செ.மீ.; அடர்த்தி 1.08. தண்ணீரின் அடர்த்தி 1 என்பதால் மூழ்கும். 100 மி.லி. தண்ணீரில் 20 கிராம் உப்பைக் கரைத்து, அந்த உப்புநீரில் 50 மி.லி. எடுத்து நிறுத்தால் 56 கிராம், அடர்த்தி 1.12. கிழங்கைப் போடும் முன் என்ன நடக்கும் என்பதை ஒவ்வொருவரும் எழுதிவிட வேண்டும். கிழங்கு மிதக்கும்போது வகுப்பில் எழும் மகிழ்ச்சி, சூத்திரத்தை ஒப்பிப்பதில் வராது.

வளரறி மதிப்பீட்டில் இதற்கு மதிப்பெண் தரும்போது 2.7 வந்ததா என்று நான் பார்ப்பதில்லை. அளவீடுகள் உள்ளபடி பதிவாகியுள்ளனவா, கோடு போட்ட இடத்தில் காரணம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். எதற்கு மதிப்பெண் கிடைக்கிறதோ அதைத்தான் மாணவர்கள் கற்பார்கள். நேர்மையான பதிவுக்கு மதிப்பெண் கொடுத்துப் பாருங்கள். அழிப்பானுக்கு வேலை தானாகவே குறையும்.