கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறீர்களா?

கந்தர்வக்கோட்டையிலிருந்து தஞ்சாவூருக்கோ புதுக்கோட்டைக்கோ பஸ் ஏறும் முன், போனிலேயே மூன்று கடைகளில் விலை கேட்டு எழுதி வையுங்கள். சென்னை ரிச்சி தெரு விலையும் அதில் இருக்கட்டும். 'ஆர்டிஎக்ஸ் 3060' என்று மட்டும் கேட்டால் போதாது. 8 ஜிபியா, 12 ஜிபியா, எந்த கம்பெனி என்பதையும் கேளுங்கள்.

பெட்டியில் உள்ள எம்ஆர்பியைக் காட்டி 'பாதி விலை' என்றால் மயங்க வேண்டாம். பல கார்டுகளில் அது சந்தை விலையைவிட மிக அதிகமாகவே அச்சிடப்பட்டிருக்கும். 18 சதவீத ஜிஎஸ்டியும் அதிலேயே அடக்கம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் குற்றம்.

"கார்டு வேணும்னா பவர் சப்ளையும் சேர்த்து எடுக்கணும்" என்பார்கள் சில கடைக்காரர்கள். பிள்ளையின் படிப்புக்காக நகையை அடகு வைத்து வருகிறவரிடம் இப்படிச் சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ! 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இந்த நிபந்தனையின் மேல் புகார் கொடுக்கலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். தீராவிட்டால் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது.

பில்லில் சீரியல் எண் கட்டாயம் இருக்கட்டும், வாரன்டிக்கு உதவும்.

அவசரமில்லையென்றால் பொறுங்கள். 2021இல் கிரிப்டோ மைனிங்கால் எகிறிய விலை, 2022இல் இறங்கத்தான் செய்தது.