மியூ என்னும் எழுத்து

வணிகச் சகோதரர்களே! நாம் விற்கும் பால்மாவு டின்களிலும் வைட்டமின் புட்டிகளிலும் சிலவற்றில், எடையைக் காட்டும் இலக்கத்தை அடுத்து, தமிழ்ப் 'ப' போன்று இடக்காலில் வால் தொங்கும் ஓர் எழுத்தைக் காணலாம். அது கிரேக்க மொழியின் 12வது எழுத்தாகிய 'மியூ'. மதரஸாவில் நாம் ஓதிய அரபி 'மீம்' எழுத்துக்கு அது உறவு. இரண்டும் பினீசியரின் பழைய எழுத்தொன்றின் வழிவந்தவை. இரண்டுக்கும் எண் மதிப்பு 40.

அளவைகளில் மியூ என்பது 'மைக்ரோ'. அதாவது 10 லட்சத்தில் ஒரு பங்கு. 1,000 மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் 1 மில்லிகிராம். மைக்ரோகிராமை மில்லிகிராம் என்று வாசித்துச் சொன்னால், கேட்பவருக்கு மருந்தளவு ஆயிரம் மடங்காகிவிடும். குழந்தைக்கு வாங்குகிறவர் நம் வாய்ச்சொல்லையே நம்பிப் போகிறார். ஆகவே, தராசைச் சரிபார்க்கும் நாம் லேபிளையும் சரியாக வாசித்துச் சொல்வோமாக!