அண்ணன் என்னும் கப்ளிங்

லாஸ் ஏஞ்சல்ஸில் மகள் வீட்டருகே ஒரு பிலிப்பினோ குடும்பத்தின் உணவு வண்டி நிற்கும். தாய் சமைப்பார், மகன் பரிமாறுவான். வினிகர், பூண்டு, சோயா சாஸில் வெந்த இறைச்சியான 'அடோபோ'வுக்குக் கூட்டம் சேரும். வினிகர் இருப்பதால் எளிதில் கெடாது.

வருவோர் மகனை 'குயா' என்று அழைத்தனர். அண்ணன் என்று பொருள். அக்காவுக்கு 'ஆத்தே'.

1965 செப்டம்பர் 8 அன்று டெலானோ திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கிய பிலிப்பினோக்களில் பலர் மணமாகாத முதியவர்கள். வெள்ளையரை மணக்க 1948 வரை கலிபோர்னியாச் சட்டம் தடை. சக தொழிலாளரே அவர்களுக்குக் குடும்பம். அவர்களை 'மனோங்' என்பார்கள், அதுவும் அண்ணன்தான்.

ரயில் பெட்டிகளைக் கப்ளிங் இணைப்பதுபோல் மனிதரை முறைச்சொல் இணைக்கிறது. நம் சங்கத்துப் பிள்ளைகளோ என்னை 'அங்கிள்' என்கிறார்கள். 'மாமா' என்று சொல்லிக்கொடுப்போமே!