தினம் ஒரு எரர்: ரேமைச் சோதித்தீர்களா?

கேள்வி: சிறிய போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறேன். கல்யாண ஆல்பம் செய்யும் கம்ப்யூட்டர் சில மாதங்களாக நினைத்த நேரத்தில் நீலத் திரை காட்டி ரீஸ்டார்ட் ஆகிறது. மதிய வேளையில், போட்டோஷாப்பில் பெரிய ஃபைல் திறந்திருக்கும்போது அதிகம். ஒவ்வொரு முறையும் வேறு எரர். சில நேரம் ஜிப் ஃபைல் கெட்டுவிட்டது என்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் அதே ஃபைல் திறக்கிறது. இரண்டு முறை பார்மட் செய்தாயிற்று. இப்போது மதர்போர்டை மாற்றச் சொல்கிறார்கள். 8 ஜிபி ரேமோடு போன வருடம் இன்னொரு 8 ஜிபி சேர்த்தோம். மாற்றத்தான் வேண்டுமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மதர்போர்டுக்கு இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேம்.

ஒரு டிரைவரோ சாஃப்ட்வேரோ கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே எரர்தான் திரும்பத் திரும்ப வரும். இன்று ‘மெமரி மேனேஜ்மென்ட்’, நாளை ‘பேஜ் ஃபால்ட்’, மறுநாள் ‘ஐஆர்க்யூஎல்’ என்று மாறிக்கொண்டே இருந்தால், எல்லா புரோகிராமுக்கும் பொதுவான இடத்தில் கோளாறு என்று பொருள். ஜிப் ஃபைல் விஷயம் இன்னும் வலுவான தடயம். டிஸ்க்கில் ஃபைல் கெட்டிருந்தால் எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் திறக்காது. டிஸ்க்கில் நன்றாக இருந்து, ரேமுக்கு வந்த இடத்தில் கெட்டிருக்கிறது.

எப்போதாவது மட்டும் ஏன் வருகிறது? 8 ஜிபி ரேமில் ஏறத்தாழ 6,870 கோடி பிட்டுகள். ஒவ்வொன்றும் நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும். சாதாரணமாக 64 மில்லிசெகண்டுக்குள் ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். பலவீனமான செல் அதற்குள்ளேயே மறந்துவிடும். சூடு ஏறினால் கசிவும் ஏறும். மதியப் பொழுது அதனால்தான் மோசம். பில் டைப் செய்யும்போது அந்த செல் பயன்படாமலே கிடக்கலாம். ஆல்பம் திறந்தால் ரேம் நிரம்பும், அங்கேயும் கை வைத்தாக வேண்டும்.

அனுபவசாலிகளையும் இது திசைதிருப்பும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கம்ப்யூட்டரிலேயே 2022 அக்டோபரில் ஒரு ரேம் கெட்டது. இரண்டரை ஆண்டு ஒழுங்காக ஓடிய மெஷின். லினக்ஸின் பழைய கெர்னலைப் போட்டுப் பார்த்து, பிறகு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற ரேம் சோதனை புரோகிராமை ஓடவிட்டுத்தான் அவர் உறுதி செய்துகொண்டார்.

நீங்களும் அதையே செய்யுங்கள். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. ஆனால் சில பிழைகளைத் தவறவிடும். மெம்டெஸ்ட்86 பிளஸ் இலவசம். காலி பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை வந்திருந்தாலும் ஃபெயில்தான். ‘ஒன்றுதானே’ என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

பிழை வந்தால், ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு பயாஸில் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆஃப் செய்து மறுபடி சோதியுங்கள். வேறு வேறு சமயத்தில் வாங்கிய இரண்டு ரேம்கள் அந்த வேகத்தில் ஒத்துப்போகாமல் இருப்பது சகஜம். ஆஃப் செய்தபின் பிழை இல்லையென்றால், அந்தக் குறைந்த வேகத்திலேயே ஓட்டலாம். வேலையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

அப்போதும் பிழை வந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் சோதியுங்கள். பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு ரேமைத் தொடுங்கள். தங்க நிறக் காலில் அழுக்கு இருந்தால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ரப்பர் போட்டுத் தேய்த்தால் தூள் ஸ்லாட்டுக்குள் தங்கும். எந்த ஸ்லாட்டில் போட்டாலும் ஒரே ரேம் பிழை தந்தால் கெட்டது அதுதான். ஒரு ஸ்லாட்டில் மட்டும் இரண்டு ரேமுமே பிழை தந்தால்தான் மதர்போர்டு பேச்சுக்கே வர வேண்டும். எல்லாம் சுத்தமாக வந்தால் அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை.

எனக்கு அதிகம் கவலை தருவது உங்கள் ஃபைல்கள். கெட்ட ரேம் வழியாக சேவ் ஆகும் படம், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கெட்டுப்போய்ப் பதிவாகலாம். சோதனை முடியும்வரை கேமரா கார்டுகளை அழிக்காதீர்கள். பழைய பேக்கப்பின் மேல் புதியதை எழுதாதீர்கள். டிஸ்க்கைப் பழுதுபார்க்கும் புரோகிராம்களையும் ஓட்ட வேண்டாம்; கெட்ட ரேமோடு ஓடினால் சரியாக இருப்பதையும் அவை கெடுக்கக்கூடும்.

ரேமுக்குப் பல கம்பெனிகள் பல ஆண்டு வாரண்டி தருகின்றன. போன வருட பில்லைத் தேடுங்கள், பிழை தெரியும் திரையை செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றித் தரும் ரேமையும் ஒரு ராத்திரி சோதித்துவிட்டே கல்யாண வேலையைத் தொடுங்கள்.